சுரங்கம் இல்லாத வானம்

"இனிமே காத்திருக்கவே வேண்டாம், கேப்டன்!"

ஹெட்போனில் கணவனின் குரல் துள்ளியபோது, அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பல் செட் செய்யும் லேபில் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் கொஞ்சம் மெழுகு வீடுவரை கூடவே வந்துவிடும். கூட வருவதற்கு வேறு யாரும் இல்லை. அவன் கடல் தாண்டி ஒரு மின்நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனதிலிருந்து, சனிக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் சந்திப்பது இந்த விண்வெளி விளையாட்டில்தான். ஆளுக்கொரு சரக்குக் கப்பல். "மத்தவங்க வாடகை வீட்டுல குடும்பம் நடத்துவாங்க, நீங்க ஆகாசத்துல நடத்துறீங்க" என்று லேபில் பக்கத்து இருக்கைக்காரி சிரிப்பாள்.

உண்மையில் அந்தக் குடும்பம் நடந்தது சுரங்கத்தில். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது திரை கறுத்து, ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த வானம் வந்து சேரும்வரை எந்த விசையும் வேலை செய்யாது. சுரங்கம் என்பது அவன் வைத்த பெயர். போனில் பேசினால் "சாப்பிட்டியா? சரி. வேற?" என்று முடித்துவிடுகிற மனிதன் அவன். கப்பல் ஓட்டும்போதும் "லெப்ட்ல கல்லு வருது பாரு" என்பதைத் தாண்டமாட்டான். கைக்கு வேலையில்லாத அந்த இருட்டில்தான் அவனுக்கு வாய் திறக்கும். நாற்காலி கிறீச்சிடும். தொண்டையைச் செருமுவான். அறைத் தோழனின் குறட்டை, மீசையில் வந்த முதல் நரை, அவளுடைய போர்வையைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டேன் என்று அன்று சொன்னது பொய் என்பது, எல்லாம் அங்கேதான் வெளிவந்தன.

போன வாரம் கடைசிச் சுரங்கத்தில் செருமிவிட்டு, "ஒப்பந்தம் முடியப் போகுதுல்ல. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் அடுத்த வானம் வந்துவிட்டது. "சரி, அடுத்த சுரங்கத்துல சொல்றேன்" என்றான். அடுத்த தாவலுக்கு முன்பே அவன் பக்கம் கரண்ட் போய்விட்டது. வாரம் முழுக்க யார் யாருடைய பற்களையோ வரிசையாக அடுக்கிக்கொண்டே, அவள் அந்த வாக்கியத்தை விதவிதமாக முடித்துப் பார்த்தாள்.

இன்று விளையாட்டுக்கு அப்டேட் வந்திருந்தது.

"தாவுறதுக்கு இவ்வளவு நேரம் ஆகுதுன்னு கம்பெனிக்கு எத்தனை புகார் எழுதினேன் தெரியுமா? ஒருவழியா சரி பண்ணிட்டானுங்க. தாவிப் பாரேன்!"

தாவினாள். கண் மூடித் திறப்பதற்குள் புது வானம் வந்து நின்றது.

"எப்பிடி? வழுக்கிக்கிட்டுப் போகுதுல்ல?"

"நல்லாருக்குங்க."

மறுபடி தாவினார்கள், மறுபடியும். ஒவ்வொரு முறையும் அவள் அந்தச் செருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள். செருமுவதற்கு நேரமே இல்லை.

"ஏங்க, அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே..."

"எது? ஏய், கல்லு, கல்லு! ரைட்ல ஒடி!"

ஒடித்தாள். கல் கடந்து போனது. பிறகு இன்ஜினை அணைத்தாள்.

"கேப்டன்? என்னாச்சு?"

"நின்னுடுச்சுங்க. ஹேங் ஆயிடுச்சு போல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரே அணி என்பதால் அவள் கப்பலின் நிலவரம் அவன் திரை மூலையிலும் தெரியும். கோளாறு என்றால் புள்ளி சிவக்கும். தானே அணைத்தால் சாம்பலாகும்.

முன்னே போயிருந்த அவன் கப்பல் வட்டமடித்துத் திரும்பியது. பக்கத்தில் வந்து நின்றது. அவளுடைய திரை மூலையில் அவன் பெயருக்கு அருகிலிருந்த பச்சைப் புள்ளியும் சாம்பலானது.

"என்னோடதும் நின்னுடுச்சு, கேப்டன்."

இன்ஜின் இல்லாத கப்பல்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. இரண்டும் மெல்ல மெல்ல விலகத் தொடங்கின. ஒரு விசையைத் தொட்டால் கிட்டே போய்விடலாம். அவள் மெழுகு ஒட்டிய விரல்களை மடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

ஹெட்போனில் நாற்காலி கிறீச்சிட்டது.