முகத்தருகே ஒரு விளக்கு

டன்லப் ஸ்ட்ரீட் மாடிக் கடையில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவர் கதிரேசன். மணப்பெண்ணின் முகத்தைத் திரையில் கொஞ்சம் வெளுப்பாக்குவது அவர் கையில் ஊறிய பழக்கம். யாரும் கேட்காமலே செய்வார். யாரும் வேண்டாம் என்றதுமில்லை.

அதே பழக்கத்தில் இயக்குநர் யாமினியின் குறும்படத்தையும் முடித்திருந்தார். நிச்சயதார்த்தத்தன்று அப்பிவிட்ட பவுடரைக் கழுவிவிட்டுச் சொந்த நிறத்தோடு சபைக்கு வரும் ஒரு பெண்ணின் கதை அது.

அந்தப் பெண்ணாக நடித்த ரக்ஷனா, வேலை முடிந்து செங்காங்கிலிருந்து நேரே பார்க்க வந்தாள். முகம் கழுவும் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, யாரு இது? கழுவக் கழுவ வெள்ளையாயிட்டே போறேன்! என்ன சோப்புண்ணே?"

கதிரேசனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்புறம் அந்த வயலின். நான் முகம் கழுவினா யாரு செத்தா?"

"சோக சீன்னு நெனச்சேம்மா."

"சோகமா? சனிக்கிழமை படத்தத் திரையிடறப்ப எங்கம்மா பார்க்க வராங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்கு க்ரீம் தேய்ச்சு விட்டவங்க. இந்த முகத்த ஒரு தடவை பெருசா, அப்படியே பார்க்கட்டும்னுதான் நடிக்கவே ஒத்துக்கிட்டேன்லா."

அவர் வெளுப்பை நீக்கினார். முகம் இருட்டில் கரைந்தது; கண்கூடத் தெரியவில்லை. படம் எடுத்தபோது விளக்கெல்லாம் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரில் விழுந்திருக்கிறது. இவள் முகத்துக்கென்று யாரும் ஒன்று வைக்கவில்லை.

"இதுக்கு அதுவே தேவலை போல," என்றாள் ரக்ஷனா மெல்ல. அந்தச் சொல் அவரைத் தைத்தது.

காலையில் காளியம்மன் கோயிலில் பார்த்தது நினைவில் வந்தது. கருங்கல் முகம் தெரியவில்லையென்று அர்ச்சகர் அம்மனை வெள்ளையாக்குவதில்லை. தீபத்தை முகத்தருகே உயர்த்துகிறார். கன்னம் மின்னுகிறது. கண் திறந்துகொள்கிறது.

அந்தக் காட்சியை மறுபடி எடுக்கப் போனில் யாமினியிடம் அனுமதி வாங்கினார். கடையின் பின்பக்கம், குழாயடியில் ரக்ஷனாவை நிறுத்தினார். ஒரு கையில் கேமரா, மறு கையில் மேசை விளக்கு. அவள் மறுபடி மறுபடி கழுவினாள். கை கடுத்தது, அவர் விளக்கை இறக்கவில்லை.

வயலினை எடுத்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் ஈரக் கன்னம் கறுப்பாகவே ஒளிர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கேன்ல?" என்றாள் ரக்ஷனா. பிறகு, "அம்மா பாதியில எழுந்து போயிட்டா?"

"அவங்க பக்கத்துல நான் உக்காந்துக்கிறேம்மா," என்றார் கதிரேசன்.

"அப்ப பக்கோடா வாங்கிட்டு வாங்க. சாப்பிடறப்ப எழுந்திருக்க மாட்டாங்க."

திரையை அணைக்க அவர் கை போனது.

"இன்னொரு தடவை போடுங்கண்ணே."