ரேடியோவில் சொன்ன பேர்

ஞாயிறு மாலை ஆறரைக்கு அருணாதேவி டீச்சர் ரேடியோவில் பேசப்போகிறாள் என்பது வேங்கிக்கால் முழுக்கத் தெரிந்துபோயிற்று. போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆனவள். தண்டோரா போட்டது வேறு யாருமில்லை, அவள் புருஷன் பரசுராமன்தான். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் ஒரு சொந்தம் பாக்கியில்லாமல் சொல்லிவைத்தார். மனுஷனுக்கு வாய் சும்மா இருந்தால்தானே.

செல்போனைத் தூக்கிப் பிடித்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறவள் அவள். குரல் என்று மிச்சமிருந்தது, சாவதற்கு முன் வானொலி நிலையத்தில் பதிவுசெய்துவிட்டு வந்த அந்தப் பதினைந்து நிமிஷப் பேச்சுதான். நிலையத்தில் கேட்டுப் பார்த்தார். நகல் தருவதில்லை, ஒருமுறை ஒலிபரப்பானால் அதோடு சரி என்றுவிட்டார்கள்.

இன்னொன்றும் இருந்தது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அவர் பேரைச் சொன்னதே கிடையாது. அத்தனை படித்தவள், ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால் கார்டைத்தான் நீட்டுவாள். ஒலிப்பதிவு முடிந்து வந்த அன்று மட்டும் சிரித்தாள்.

"கடைசியில உங்க பேரைச் சொல்லிட்டேங்க. ரேடியோவுல வரும்போது கேட்டுக்குங்க."

இப்போதே ஒருதரம் சொல்லு என்று கெஞ்சினார். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

வீட்டில் ரேடியோப் பெட்டி இல்லை. செல்போனிலேயே வைத்துக் கேட்டார். ஒரு பேராசிரியரின் சொற்பொழிவு, ஒரு வாய்ப்பாட்டு, அப்புறம் அவள். "வணக்கம்" என்றாள். பாவி மனுஷன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிள்ளையில்லாத வள்ளாள மகாராஜாவுக்கு மாசி மாசம் அண்ணாமலையாரே மகனாக நின்று திதி கொடுக்கிற கதையை ஆரம்பித்தாள். போன் அடித்தது. அவள் குரல் நின்றுபோயிற்று.

"சார், டீச்சர் பேசறாங்க, கேக்கறீங்களா?" எதிர்வீட்டுக் கோதண்டராமன்.

வைத்தார். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி ரேடியோ திரும்பி வந்தது. அவள் அரை வாக்கியம் பேசினாள். மறுபடி மணி. அவள் தம்பி முருகவேல். வெட்டினார். வெட்டினால், பாவம் அழுகிறார் போல என்று திரும்ப அடித்தார்கள். அடுத்து ஒருத்தர், அதற்கடுத்து ஒருத்தர். ஊர் பாசத்தைக் கொட்டித் தீர்த்தது. இவர்களுக்கெல்லாம் சொன்ன என் நாக்கில் கொள்ளி வைக்க என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்.

கடைசியில் ரேடியோ திரும்பியபோது வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கச்சேரி முடியும் வரைக்கும் ஒரு போன்கூட வரவில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு அடித்தார். அவள் தங்கை காசியம்மாள் வீட்டில் பழைய ரேடியோப் பெட்டி உண்டு.

"காசி, கடைசியில என்னம்மா சொன்னா?"

"நீங்க எடுக்கலியேன்னு உங்களுக்குத்தான் மாமா அடிச்சிட்டே இருந்தேன். பாதி காதுல விழல. ஆனா முடிக்கும்போது அக்கா உங்க பேரைச் சொல்லுச்சு. என் காதால கேட்டேன்."

"எப்படிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே ஒரே ஒருதரம் சொல்லும்மா."

அந்தப் பக்கம் காசி அழுவது கேட்டது.

"நான் எப்படி மாமா உங்க பேரைச் சொல்றது" என்றாள்.