தூணுக்குச் சொன்ன பாடம்

தேவாலய விழாவன்று காலை, அந்தலிமான் மிளகு அரைத்துச் சமைத்த கெண்டை மீனை இரண்டு தட்டு வழித்துண்ட ஜொங்கியை விக்கல் பற்றிக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆடவர் பாடற்குழுவின் கடைசி வரிசையில் நின்றவன் அவன். மூன்றாம் சரணத்தைத் தனித்துப் பாடும் பேறு இன்றுதான் அவனுக்கு வாய்த்திருந்தது.

தோபா ஏரிக்கரையில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பது அவன் தொழில். குழுவை நடத்தும் தியோலினா, அவன் மைத்துனன் தும்பாலின் மனைவி. மனைவியின் தமையனுக்கு வாழ்க்கைப்பட்டவளோடு ஓர் ஆடவன் நேர்நின்று பேசலாகாது. அவர்கள் குலத்து முன்னோர் இட்ட எல்லை அது. ஆதலால் ஓராண்டாக அவள் ஆலயத்தின் மரத்தூணை நோக்கியே அவனுக்குப் பாடம் சொல்லிவந்தாள்.

"தூணே, தொண்டையால கத்த வேணாம்னு அவர்கிட்ட சொல்லு. மூச்சு டயஃப்ரத்துல இருந்து வரணும்."

அவனும் தூணையே கேட்டான். "டயஃப்ரமா? அது படகு பம்ப்புல பெட்ரோலத் தள்ளுற ரப்பராச்சே! எனக்குள்ள எங்க இருக்காம்?"

"விலாவுக்குக் கீழ, குடைய விரிச்ச மாதிரி இருக்குதுன்னு சொல்லு. அது இறங்கினா மூச்சு உள்ள வரும். ஏறினா பாட்டு வெளிய வரும்."

அன்று தொட்டு எஞ்சினைத் திறக்குந்தோறும் தன் வயிற்றிலும் கைவைத்துப் பார்த்தான். டயஃப்ரம் என்னும் அந்த உதரவிதானம் வசப்பட வசப்பட, குரலும் ஆழத்திலிருந்து ஊற்றெனப் பொங்கியது.

இன்று அந்த விதானமே முரண்டு பிடித்தது. போதாக்குறைக்கு, ஒலிவாங்கியின் கிழிந்த சவ்வை நேற்றுத்தான் அவனே மாற்றியிருந்தான். அதுவும் ஒரு டயஃப்ரம். கொசு மூச்சுவிட்டாலும் ஊருக்குச் சொல்லிவிடும்.

"மாப்ள, உன் படகு முழுகிடுச்சு!" என்று, அதிர்ச்சியில் விக்கல் நிற்கட்டுமென, தும்பால் அவன் காதருகே அலறினான்.

"அதக் கரையில... ஹிக்... கவுத்துல்ல வெச்சிருக்கேன், மச்சான்."

"அப்ப பன்னி செத்துப்போச்சு!"

"என்கிட்ட ஏது பன்னி? அது... ஹிக்... உன்னோடது."

தும்பால் பதறிப்போய்த் தன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். குழு முழுதும் குலுங்கிச் சிரித்தது.

"விடு, மூணாவது சரணத்த நானே பாடிடுறேன்" என்றான் தும்பால்.

"நீயா? ஏரி மீனெல்லாம்... ஹிக்... ஊரைக் காலி பண்ணிடும்."

சிரித்தபடியே ஜொங்கி நீர்க்குடத்தை நாடினான். ஏழு மிடறு நீர் குடித்தான், மூக்கைப் பொத்தினான். எதுவும் பலிக்கவில்லை. அதற்குள் குழு மேடையேறிற்று. இரண்டு சரணங்களிலும் அவன் உதடுகளை இறுக்கி நின்றான். தோள்கள் மட்டும் துள்ளின.

அவன் முறை வந்தது. ஒலிவாங்கியின் முன் நின்றவன் வாயைத் திறந்தான். "ஹிக்!" என்றது ஆலயம் முழுதும்.

தியோலினாவின் கண்கள் தூணைத் தேடின. தூணோ அவள் முதுகுக்குப் பின்னே இருந்தது.

"ஜொங்கி! மூச்சைக் கீழ இறக்குங்க!"

அவன் முகம் பார்த்து, அவன் பெயர் சொல்லி! முன்வரிசைக் கிழவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். ஜொங்கி அதிர்ந்துபோனான். திறந்த வாய் திறந்தபடியே இருக்க, மூச்சு அடிவயிறு வரை தானாகவே இறங்கிற்று. அடுத்த விக்கலுக்குக் காத்திருந்தான். அது வரவில்லை. பாட்டுத்தான் வந்தது, கார்முகிலின் முழக்கம்போல, கனிந்து, கூரையை நிறைத்து. முன்வரிசைக் கிழவர்களின் கைத்தடிகள் தாமே தாளமிட்டன.

பாட்டு முடிந்ததும் தியோலினா நாணித் தலைகவிழ்ந்து நின்றாள். எவர் வாய் திறப்பதென்று சபை தயங்கியபோது, மூத்த கிழவர் எழுந்தார்.

"எதுக்கு முழிக்கிறீங்க? அவ தூணத்தானே கூப்பிட்டா. இன்னையிலிருந்து அந்தத் தூணுக்குப் பேரு ஜொங்கி!"

சிரிப்பில் ஆலயம் அதிர்ந்தது. தியோலினா முகம் மலர்ந்து, முறையாகத் தூணின் பக்கம் திரும்பினாள்.

"ஜொங்கி, கடைசி வரியில கொஞ்சம் காத்து கசிஞ்சுதே?"

அவன் தூணை அன்போடு தட்டினான். "அடுத்த ஞாயித்துக்கிழமை சரியாயிடும்னு சொல்லுப்பா, ஜொங்கி. இன்னைக்கு வயித்துல மீன் அதிகம்."