ஐந்தாம் அறைக்கு வரி விலக்கு

வீட்டுக்காரர் தையல்காரியின் வாசலில் வந்து நின்று, "தங்கச்சி" என்றார். பதினோரு வருஷமாக "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. காரியம் ஆகவேண்டும் என்றால் இந்த மனுஷன் பேச்சில் தேன் ஒழுகும்.

"வியாழக்கிழமை வரி ஆபீஸ்லேர்ந்து சோதனைக்கு வராங்க. உன் தம்பிய ஒரு மணி நேரம் அஞ்சாம் ரூம்ல வந்து உக்காரச் சொல்லேன். இங்கதான் குடியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதுக்கென்ன, வரச் சொல்றேன்."

தம்பி செத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் குடியிருப்பது வேறு தெருவில். முதல் தேதி வாடகைக்கு மட்டும் தலையைக் காட்டுவார். யார் இருந்தார், யார் போனார் என்பதெல்லாம் அவர் கேட்கிற விஷயமா என்ன?

அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு அறைகள். பன்னிரண்டையும் குறைந்த வருமானக்காரர்களுக்கு, நகராட்சி சொன்ன வாடகைக்கு விட்டால் சொத்து வரி கிடையாது. ஒரு அறையை வேறு எதற்காவது எடுத்தால் மொத்தக் கட்டடத்துக்கும் விலக்கு போய்விடும். வீட்டுக்காரருக்கு டைல்ஸ் கடை. பெட்டி அடுக்க இடம் போதவில்லை. ஐந்தாம் அறையில் இருந்த தம்பி பெயின்டர். நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டே இருப்பான். அதுவே சாக்காகிவிட்டது. தைத்த துணியைக் கொடுக்க அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அவன் பாய் படுக்கையை எல்லாம் நடைபாதையில் போட்டுக் கதவைப் பூட்டினார். அன்றைக்கு நல்ல மழை. நனைந்த படுக்கையோடு தம்பி அவள் அறை மூலையில் இரண்டு நாள் குந்தியிருந்தான். மெஷினும் துணி மூட்டையும் போக, கால் நீட்ட இடமில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் பத்தொன்பதாம் நாள் பிணமாகத்தான் வெளியே வந்தான்.

அவள் அப்போது வாயைத் திறக்கவில்லை. கத்தினால் தன்னையும் தூக்கி வெளியே போடுவான். மெஷினைச் சுமந்துகொண்டு எந்தத் தெருவில் நிற்பது? பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

போன வாரம் வரி ஆபீஸ்காரர்கள், எப்போதும்போல, சோதனைக்கு முன்னால் குடியிருப்போர் பட்டியலை வாசல் சுவரில் ஒட்டினார்கள். ஐந்தாம் எண்ணில் தம்பியின் பெயர். எதிரே 'வசிக்கிறார்' என்று போட்டிருந்தது. மூன்று தடவை படித்தாள். செத்தவனை வைத்துக்கூட இவன் வரியை மிச்சம் பிடிக்கிறான்!

அன்றே வரி ஆபீஸுக்குப் போனாள். ஜன்னலில் இருந்த அம்மாவிடம், "விலக்கு போயிட்டா எங்க வாடகை ஏறுமா?" என்று கேட்டாள்.

"ஏறாது. பதினஞ்சு வருஷத்துக்கு ஏத்த மாட்டேன், யாரையும் காலி பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுத்துதான் விலக்கே வாங்கியிருக்காரு. இன்னும் ஒம்போது வருஷம் பாக்கி."

திரும்பி வந்து மாடியில் இருக்கும் கேன்டீன் சமையல்காரியிடம் தான் செய்யப்போவதைச் சொன்னாள். அவள் பதறிப்போனாள். "வேணாம்க்கா. காலி பண்ண முடியலைன்னா தண்ணிய நிறுத்துவான்."

"நிறுத்தட்டும். தெருக்கோடியிலேர்ந்து குடத்துல சுமக்கறேன். உனக்கும் சேத்துச் சுமக்கறேன், போதுமா?"

புதன்கிழமை டைல்ஸ் பெட்டிகள் லாரியில் ஏறின. அறையைக் கழுவிவிட்டார்கள். பாய் விரித்து, ஆணியில் தம்பியின் பெயின்ட் அப்பிய சட்டையை மாட்டியது தையல்காரிதான். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"அசல் ஆள் இருக்கற மாதிரியே இருக்கு, தங்கச்சி!"

அவள் ஆணியில் கோணித் தொங்கிய சட்டையை நேராக்கினாள்.

மறுநாள் வந்த ஆய்வாளர் கண்ணாடி போட்ட பெண். நான்கு அறைகளைப் பார்த்துவிட்டு ஐந்தாவதற்கு வந்தாள். "குடியிருக்கறவர் எங்க?"

"இதோ இருக்கான்மா. கூப்பிடு தங்கச்சி," என்றார் வீட்டுக்காரர், பல்லெல்லாம் தெரிய.

தையல்காரி இறப்புச் சான்றிதழை நீட்டினாள். ஆய்வாளர் வாங்கிப் படித்தாள். கோப்பைப் புரட்டி, 'இங்கே வசிக்கிறேன்' என்று தம்பி கையெழுத்துப் போட்டதாக இருந்த படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இவர் இறந்து அஞ்சு மாசம் ஆகுது. இந்தக் கையெழுத்து போன மாசம் போட்டிருக்கு. யார் சார் போட்டது?"

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரி அந்த முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். நாள் கணக்கில் பட்டினி கிடந்தவள் சோற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இனித்தது. பிறகு நடைபாதை, மழை, பத்தொன்பது நாள், டைல்ஸ் பெட்டி என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஆய்வாளர் எழுதினாள், தையல்காரி கையெழுத்துப் போட்டாள்.

"மொத்தக் கட்டடத்துக்கும் விலக்கு ரத்து. ஆறு வருஷ வரியையும் அபராதத்தோட கட்டணும். கள்ளக் கையெழுத்த போலீஸ் பாத்துக்கும்," என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் படியிறங்கினாள்.

வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "செத்துட்டான்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"அஞ்சு தடவை வாடகை வாங்க வந்தீங்களே. உன் தம்பி எங்க போனான், இப்ப எப்படி இருக்கான்னு ஒரு தடவை கேட்டிருந்தா, அங்கயே சொல்லி அழுதிருப்பேன்."

அவள் தன் அறைக்குத் திரும்பினாள், சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டிய துணி மெஷினில் பாதியில் கிடந்தது.