ஒட்டகம் குறுக்கே வந்தது

உமாபதி கார் வாங்கியது எழுபத்தாறில். குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்தார். மனைவி பிரபாவதியும் இரண்டு பெண் குழந்தைகளும் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பழைய வண்டிதான். ஆனாலும் கடற்கரையோரமாக அதை ஓட்டிப் போகும்போது, வாழ்க்கை ஒரு வழியாக நிலைக்கு வந்துவிட்டது போல அவருக்குத் தோன்றும்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தவர் கலீலுர் ரஹ்மான் என்ற கீழக்கரைக்கார ஏஜெண்ட். டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாக விளக்கினார்.

"இது கட்டாயம் எடுக்க வேண்டியது. தப்பு உங்க மேலன்னு போலீஸ் எழுதினா, அடிபட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். உங்க வண்டியில கூட வர்றவங்களும் அதுல சேர்த்தி. இன்னொண்ணு இருக்கு. அதுல தப்பு யாரு மேலன்னு கேக்கவே மாட்டாங்க. வண்டிக்குள்ள யாருக்கு அடிபட்டாலும் வைத்தியச் செலவு வரும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளமும் வரும். கொஞ்சம் கூடப் போட்டா அதையும் சேர்த்துடலாம்."

"எனக்கும் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவை எங்க கம்பெனியே பாத்துக்குது பாய். அது எதுக்கு தண்டச் செலவு?"

ரஹ்மான் வற்புறுத்தவில்லை. உமாபதிக்கும் அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்திருந்தது.

கார்மேகம் அதே கம்பெனியில் பைப் பதிக்கும் காண்ட்ராக்ட் ஆள். முதுகுளத்தூர்ப் பக்கம். உமாபதி வீடு மாறியபோது ஃப்ரிட்ஜைத் தனி ஆளாக முதுகில் சுமந்து மாடி ஏற்றியவன். ஒரு வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்ப் வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவனை உமாபதி பார்த்து வண்டியை நிறுத்தினார். அவன் பின்கதவைத் திறக்கப் போனான். "முன்னாடியே உக்காரு" என்றார்.

பாதி வழியில், போட வேண்டிய கேசட் கை நழுவிக் காலடியில் விழுந்தது. உமாபதி குனிந்தார். நிமிர்ந்தபோது ரோடு இல்லை, மணல்தான் இருந்தது. பிறகு விளக்குக் கம்பம். அந்த ஊர் வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம்; கார்மேகம் உட்கார்ந்திருந்த வலப்பக்கம் முழுவதும் நசுங்கியது. உமாபதிக்கு நெற்றியில் ஒரு கீறல். கார்மேகத்தின் வலது கால் முட்டிக்குக் கீழே மாவாகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் அதிகாரி வந்தார். உமாபதி வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்த கார்மேகம் முந்திக்கொண்டான். தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ஒட்டகம் குறுக்கே வந்தது, சார் அதற்காகத்தான் வண்டியைத் திருப்பினார் என்றான். அதிகாரி உமாபதியைப் பார்த்தார். உமாபதியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அதிகாரி போனதும் கார்மேகம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "புள்ளகுட்டிக்காரரு நீங்க. பிடிச்சு உள்ள வச்சிட்டா என்னத்துக்கு ஆகும்? சரியாத்தான சார் சொன்னேன்?"

உமாபதி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் நன்றி இருந்தது. தப்பித்தோம் என்ற நிம்மதியும் இருந்தது. அதை அவரே அறிவார்.

மறுவாரம் ரஹ்மான் வந்தார். போலீஸ் எழுதியதைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தார்.

"ஒட்டகம்னு ஆயிடுச்சு. யாரு ஒட்டகமோ தெரியாது. அப்ப தப்பு யாரு மேலயும் இல்ல. அந்தப் பையனுக்கு ஒரு காசு வராது."

"நிஜம் அது இல்ல பாய்."

"தெரியும். ஒட்டகத்துக்கு ஒதுங்கினவர் பிரேக் போட்டிருப்பார். ரோட்ல டயர் தேஞ்ச அடையாளமே இல்ல. உங்க மேல தப்புன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா கம்பெனி அவனுக்குக் கொடுத்தே ஆகணும். இல்ல, அன்னிக்கு நான் சொன்ன அந்த இன்னொண்ணை எடுத்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. அவன் பொய் சொல்லியிருந்தாலும் பணம் வந்திருக்கும். நீங்க தலையாட்டினதும் அவனைக் கெடுத்திருக்காது."

"இப்ப மாத்திச் சொன்னா?"

"நீங்களே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லணும். கேஸை மூடறதுக்குள்ள போகணும். உங்களை உள்ள வைக்கலாம், எச்சரிச்சு விடலாம். அதை நான் சொல்ல முடியாது."

அன்று மாலை உமாபதி பிரபாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழந்தைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா உங்களை உள்ள வச்சுட்டா நாங்க மூணு பேரும் இங்க யார் வீட்ல போய் நிப்போம்?"

போக வேண்டாம் என்று உமாபதி முடிவு எதுவும் எடுக்கவில்லை. நாளைக்குப் போகலாம் என்றுதான் இருந்தார். ஆபீஸில் ஆடிட் வந்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. தினமும் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மட்டும் தவறாமல் போனார். அவர் உரித்துக் கொடுத்த ஆரஞ்சை வாங்கித் தின்றுகொண்டே கார்மேகம், "எதுக்கு சார் தெனமும் அலையிறீங்க" என்பான். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் இவர்தான் எங்க சார் என்று பெருமையாகக் காட்டுவான்.

ஒருநாள் போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். காண்ட்ராக்டர் வந்து டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டாராம். காலை எடுத்தாகிவிட்டது, இனி இங்கே அவனுக்கு என்ன வேலை என்றாராம்.

உமாபதி அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஒட்டகம் எதுவும் வரவில்லை, தப்பு என்னுடையது என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அடிபட்டவன் எங்கே?"

"ஊருக்குப் போய்விட்டான்."

"கேஸை மூடியாச்சு. கலாஸ், முடிந்தது" என்றார் அதிகாரி. வீட்டுக்குப் போகும்படி கையைக் காட்டினார். இத்தனை நாள் பயந்தது இந்தக் கையசைப்புக்குத்தானா என்று வெளியே வந்து வெயிலில் நின்றார் உமாபதி.

அடுத்த வருஷ லீவில் முதுகுளத்தூருக்குப் பஸ் பிடித்துப் போனார். ஊருக்கு வெளியே, கருவேல விறகை மண்ணால் மூடிக் கரியாகச் சுடும் மூட்டத்தருகே கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிட்டுக் காவல் உட்கார்ந்திருந்தான் கார்மேகம். அவன் மனைவி நாகவள்ளி சற்றுத் தள்ளி விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் கரி. உமாபதியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். உமாபதி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

பாப்பாக்கள் சுகமா, அம்மா சுகமா என்றெல்லாம் விசாரித்தான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு உமாபதி விஷயத்துக்கு வந்தார். அன்று போலீஸிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அவனுக்குக் கொடுத்திருக்கும் என்பதை, ரஹ்மான் விளக்கியது போலவே நிதானமாகச் சொன்னார். கார்மேகம் குறுக்கிடாமல் கேட்டான்.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?"

"அன்னிக்கு நினைவுல இல்ல. மறுவாரம் பாய் சொன்னார்."

"மறுவாரம் நான் ஆஸ்பத்திரியிலதான கெடந்தேன்?"

"ஆமா."

"அப்ப தெனமும் வந்தீகளே."

மூட்டத்தின் ஒரு பக்கத்தில் மண் வெடித்துப் புகை கிளம்பியது. கார்மேகம் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், கைநிறைய ஈரமண்ணை அள்ளி அந்த இடத்தில் அப்பினான். உள்ளங்கையால் தட்டித் தட்டி மெழுகினான். புகை நின்ற பிறகும் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுத்தான்.

"ஏளா நாகவள்ளி, சாருக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சாம். ரோடு வரைக்கும் போய் ஏத்தி விட்டுட்டு வா."

உமாபதி பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.