மிஞ்சிய ஒரு ஊசி

தடுப்பூசி முகாமில் எனக்குக் கணினி வேலை. வருகிறவரின் விவரத்தைப் பதிந்து, திரைக்குப் பின்னால் இருக்கும் சிஸ்டரிடம் அனுப்ப வேண்டும். அவர் ஊசி போட்டுவிட்டு “போட்டாச்சு” என்று குரல் கொடுத்த பிறகே நான் பொத்தானை அழுத்தலாம். அழுத்தியதும் சான்றிதழ் கைபேசிக்குப் போய்விடும். அதுதான் முறை. முறைப்படி செய்தால் வரிசை தெருவரை நீளும். அதனால் ஆள் திரைக்குள் நுழைந்ததுமே அழுத்திவிடுவேன். உள்ளே போகிறவன் ஊசி போடாமல் பாய் விரித்துப் படுக்கவா போகிறான் என்ற நினைப்பு.

வரிசையில் பாதிப் பேருக்கு ஊசி வேண்டாம், சான்றிதழ்தான் வேண்டும். “அந்தப் பேப்பரை மட்டும் குடுத்துரும்மா, தியேட்டர்ல உள்ள விட மாட்டேங்கறான்” என்பார் ஒருவர். “நாளைக்கு மூச்சு விடவும் சர்டிபிகேட் கேப்பீங்க” என்பார் இன்னொருவர். கிண்டல் பண்ணியே எல்லோரையும் உள்ளே தள்ளுவேன். எனக்கு அதில் ஒரு வெறியே இருந்தது. அம்மாவுக்குப் புற்றுநோய். சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. “தொற்று வந்தா இவங்க உடம்பு தாங்காது. கூட இருக்கறவங்க எல்லாரும் ஊசி போட்டே ஆகணும்” என்று அவள் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூட இருப்பது நானும் தம்பியும்தான்.

தம்பிக்குத் துணிக்கடையில் வேலை. சான்றிதழ் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று கடையில் சொன்ன மறுநாளே என் வரிசையில் வந்து நின்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே போனான், அழுத்தினேன். அவன் சான்றிதழை அச்செடுத்து, அம்மாவின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் நானே ஒட்டிவைத்தேன்.

அன்று மாலை கடைசிப் பாட்டிலில் ஒருவருக்கான மருந்து மிஞ்சியிருந்தது. என் கணினியில் நூற்றிருபது பேர். சிஸ்டர் போட்டது நூற்றுப் பத்தொன்பது.

“வந்து உக்காந்த எல்லாருக்கும் போட்டேம்மா” என்று சிஸ்டர் என்னையே பார்த்தார். தப்புச் செய்துவிட்டு முழிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“அப்ப மருந்து பாட்டில்லயே ஊறுச்சாக்கும்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முகாம் டாக்டர் சிஸ்டரிடம் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். என்னைவிட இருபது வயது மூத்த சிஸ்டர் தலை குனிந்து கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து, காலையில் சாப்பிடும்போது தம்பி சொன்னான். “அக்கா, ரெண்டாவது ஊசிக்குத் தேதி வந்துருச்சு. போன தடவை மாதிரியே தட்டிவிட்டுரு.”

“போன தடவை மாதிரின்னா?”

“தெரியாத மாதிரி கேக்கறியே! நான் உள்ள போய் அப்படியே பின்வாசல் வழியா வந்துட்டேன். நீதான் அதுக்குள்ள அழுத்திட்டியே.” ஏதோ பெரிய சாமர்த்தியம் போலச் சிரித்தான்.

அடுப்பருகே நின்ற அம்மா திரும்பவே இல்லை.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஊசின்னா பயம்டி. இப்ப கண்டதையும் கேட்டு இன்னும் பயந்துட்டான். விடு, எனக்குத்தான் ஒண்ணும் ஆகலயே.”

இந்த மூன்று மாதமும் நான் முகாமிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, அம்மாவின் அறை வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவேன். அவள் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவன் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து டிவி பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருந்தார்கள். அம்மா தன் உயிரையே வைத்து முட்டாளாக்கியிருந்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பதிவை ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை. நான் முன்கூட்டியே அழுத்தியதையும் சேர்த்து முகாம் டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். “அவன் வேலை போயிடும்டி” என்று அம்மா கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டர் பதிவை ரத்து செய்தார். எனக்கு மெமோ கொடுத்தார். மதியம் தம்பி போனில் கத்தினான். “சர்டிபிகேட் செல்லாதுன்னு காட்டுதுன்னு கடை வாசல்லயே நிறுத்திட்டாங்க. நீயெல்லாம் ஒரு அக்காவா?” பிறகு அம்மா கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அவனே வரிசையில் வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான். கையைப் பொத்தானுக்கு மேலேயே வைத்துக் காத்திருந்தேன். “போட்டாச்சு” என்று சிஸ்டரின் குரல் வந்தது. அழுத்தினேன்.

கூட்டம் குறைந்ததும் மன்னிப்புக் கேட்க சிஸ்டரிடம் போனேன். அவர் ஊசிகளைக் குப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“தினமும் உன்னை வண்டில கொண்டுவந்து விடற பையன்தானே?” என்றார். “அன்னிக்கு அவன் பின்வாசல்ல போனதை நான் பாத்தேன். நீதான் அனுப்பிவெச்சேன்னு நெனச்சேன். அனுப்பிட்டு என்மேலயே பழி போட்டதும் வாயடைச்சுப் போச்சு.”

“சிஸ்டர், சத்தியமா எனக்குத் தெரியாது.”

பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமாமா. மருந்து பாட்டில்லயே ஊறுச்சு.”