ஞானசுந்தரியின் நாலு போர்ஷன்

மஸ்கட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் சோப்பும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். இந்தத் தடவை அங்கே நர்ஸாக இருந்த ஞானசுந்தரி இஸ்திரிப் பெட்டி, குக்கர், தலையணை வரைக்கும் கட்டிக்கொண்டு ஆம்பூரில் வந்து இறங்கினாள். நர்சம்மா ஒரேயடியாக வந்துவிட்டாள் என்று தெரு புரிந்துகொண்டது. ஐம்பதைத் தாண்டிய வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. ஆனால் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் சொந்தமாக நாலு போர்ஷன் வைத்து ஒரு வீடு இருந்தது.

"அவளுக்கு இன்னா கொறச்சல்? ஒரு போர்ஷன்ல கால நீட்டிக்கினு, மத்த வாடகையில சாப்புடுவா" என்றது தெரு. அதே கணக்கைத்தான் அவளும் வருஷக்கணக்காகப் போட்டு வைத்திருந்தாள்.

வீடு தொண்ணூற்றாறில் பேங்க் கடனில் கட்டியது. அவள் அங்கே இருந்ததால் இங்கே கையெழுத்துப் போட தம்பி ஜெபசீலனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தாள். தவணையில் பாதி அவள் அனுப்புவது, பாதி வாடகையிலிருந்து கட்டுவது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமைகளில் ஃபோன் செய்து, "வாடகை வருதாடா?" என்று கேட்பாள். "தவணை கட்டியாச்சுக்கா" என்பான் அவன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. கடல் தாண்டி நிமிஷத்துக்குக் காசு கொடுத்துப் பேசுகிறவளுக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. கடன் முடிந்து போன வருஷம் பத்திரமும் கைக்கு வந்தபோது மஸ்கட் ஆஸ்பத்திரியில் வார்டு முழுக்க அல்வா கொடுத்தாள்.

வந்த வாரம் தம்பி வீட்டுச் சாப்பாட்டில் பேச்சை ஆரம்பித்தாள். "முன் போர்ஷன்ல இருக்கிற பில்கிஸ்கிட்ட சொல்லிடு. ரெண்டு மாசத்துல காலி பண்ணட்டும். நான் அங்க போயிடறேன்."

ஜெபசீலன் தட்டில் இருந்த ரசத்தை விரலால் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் மனைவி கரோலின்தான் வாயைத் திறந்தாள். "சொல்லுங்க. எத்தினி நாளிக்கு மூடி வெப்பீங்க?"

"அக்கா, அவங்க வாடகைக்கு இல்ல. போக்கியத்துக்கு இருக்காங்க."

"பில்கிஸா?"

"நாலு போர்ஷனும்."

போக்கியம் என்றால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இருப்பார். அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தால்தான் எழுந்துபோவார்.

"இன்னா பண்ணச் சொல்ற? போர் தண்ணி கெட்டுப் போச்சு. தோல் கம்பெனித் தண்ணி உள்ளாற எறங்கி மஞ்சளா வருது. மாச வாடகைக்கு வர்றவன் ஒரு குளியல் குளிச்சிட்டு மறுமாசமே ஓடிப்போறான். மொத்தமா பணம் குடுத்தவன்தான் ஓடாம இருக்கான். அந்தப் பணத்துல இருந்துதான் மாசா மாசம் தவணைய கட்டினேன். ஒரு பைசா நான் தொடலக்கா."

தொடவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. அவன் ஒரு பைக்காவது வாங்கியிருந்தால் தெருவே கேட்கும்படி நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவன் இன்னும் பள்ளிக்கூட ஆபீஸுக்குச் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தான். இந்த விஷயத்தில் தெருவுக்கும் பெரிய ஏமாற்றம்தான். ஞானசுந்தரி மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். மனசைத் தடவிப் பார்த்தாள். மரத்துப்போன பல்லைத் தொட்டது போல இருந்தது.

மறுநாள் தன் வீட்டைப் பார்க்கப் போனாள். பில்கிஸ் நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். நர்சம்மா வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"காலி பண்ணணுமா? அல்லா புண்ணியத்துல இன்னிக்கே பண்றோம். இந்தத் தண்ணில கொழந்தைங்களுக்கு ஒடம்பெல்லாம் சொறி. ஒரே பேஜார். பணத்தை மட்டும் குடுத்துடுங்க, மேல்விஷாரத்துல எங்க அம்மா வீட்டுப் பக்கமா போயிடறோம்."

"பணம் இல்லம்மா."

"இல்லியா?" பில்கிஸின் முகம் பழையபடி ஆயிற்று. "அப்ப நாங்க எங்கே போறது?"

மஸ்கட்டில் வேலையை விட்டபோது கொடுத்த சர்வீஸ் பணம் கொஞ்சம் இருந்தது. அதைக் கொடுத்தால் இந்த ஒரு போர்ஷனை மீட்கலாம். மீட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் அப்புறம் சாப்பாட்டுக்கு வழியில்லை, மற்ற மூன்றும் வாடகை தரப்போவதில்லை. வேறு ஆளைப் போக்கியத்துக்குப் பிடித்து அந்தப் பணத்தில் இவர்களை அனுப்பலாம் என்றால், வருகிற ஆள் முதலில் குழாயைத்தான் திறந்து பார்க்கிறான். வெளியே போகத் துடிக்கிறவள் உள்ளே இருந்தாள், உள்ளே வர வேண்டியவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பி வீட்டில் ஹாலில்தான் படுக்கை. வயசுக்கு வந்த இரண்டு பெண்கள் அவள் காலைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ஒரு மாசம் பார்த்துவிட்டு ஞானசுந்தரி பஜாரில் ஒரு நர்சிங் ஹோமில் பகல் டியூட்டிக்குச் சேர்ந்தாள். பிறகு பில்கிஸிடமே போய்க் கேட்டாள். "உங்க போர்ஷன்ல அந்தப் பின்ரூம் சும்மாதான கெடக்குது?"

"சாமான் போட்டு வெச்சிருக்கோம். எடுத்துடலாம் நர்சம்மா. நீங்க இருங்க."

"சும்மா இருக்க மாட்டேன். மாசம் இவ்ளோன்னு வாங்கிக்கணும்."

"உங்க வூட்ல உங்ககிட்ட வாடகையா? நல்லாருக்காது."

"பணம் நீங்க போட்டிருக்கீங்க. கணக்குன்னா கணக்குதான்."

வீட்டுக்காரி குடித்தனக்காரியிடம் ஒண்டுக்குடித்தனம் போன அதிசயத்தைத் தெரு ஒரு வாரம் மென்றது. ஜெபசீலன் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. "ஃபேன் நல்லா சுத்துதுக்கா" என்று மட்டும் சொன்னான்.

முதல் தேதி ஞானசுந்தரி டியூட்டி முடிந்து வந்து வாடகையைப் பில்கிஸிடம் நீட்டினாள். பில்கிஸ் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாங்கி அலமாரியில் வைத்தாள். பிறகு தலையைச் சொறிந்தாள்.

"நர்சம்மா, தப்பா நெனக்காதீங்க. மோட்டார் காயில் எரிஞ்சி போச்சாம். அதெல்லாம் ஓனர்தான பாக்கணும்?"

"இப்பக் குடுத்தேனே, அதுல கழிச்சுக்கோ."

"அது ரூம் வாடகை நர்சம்மா. அது வேற, இது வேற இல்லியா?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரிதான். ஞானசுந்தரி பர்ஸை எடுத்துவர பின்ரூமுக்குப் போனாள்.